கருப்புக் கண்ணாடிக் கதவு

எங்கள் கடைக்கு ஃபிரிட்ஜ் வாங்க வருகிறவர்கள் முதலில் விலையைத்தான் கேட்பார்கள் என்று நீங்கள் நினைத்தால் தவறு. கையை நீட்டி, "இதுல வேற இன்னா கலர் கீது?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். எத்தனை லிட்டர், எத்தனை ஸ்டார், கரண்ட் எவ்வளவு இழுக்கும் என்பதெல்லாம் அதற்குப் பிறகு. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் வீட்டு உபயோகப் பொருட்கள் விற்கும் கடை ஒன்றில் பதினாறு வருஷமாக விற்பனைப் பெண்ணாக இருக்கிறேன். நாற்பத்து மூன்று வயதில் 'பெண்' என்று சொல்லிக்கொள்ள எனக்கே சிரிப்பு வருகிறது, ஆனால் அடையாள அட்டையில் அப்படித்தான் போட்டிருக்கிறது.

இத்தனை வருஷத்தில் எனக்குப் பிடித்த ஒரே பைத்தியம் இந்த நிறங்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கடையில் பாதி வெள்ளை, மீதி சாம்பல். ஒரு தீபாவளிக்கு முன்னால் திடீரென்று சிவப்பு வந்து இறங்கியது. அடுத்த வருஷம் அந்தச் சிவப்பின்மேல் பூ பூத்தது. பிறகு ஊதாவில் பூ, நீலத்தில் பூ, கதவு முழுக்கக் கொடி படர்ந்த பூ. நான்கைந்து வருஷம் கடை கல்யாண மண்டபம் மாதிரி இருந்தது. அப்புறம் யார் என்ன சொன்னார்களோ, பூக்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. இப்போது கடைக்குள் நுழைந்தால் சாம்பல், கருஞ்சாம்பல், கருப்பு, கருப்புக் கண்ணாடி. மிக்சியும் கருப்பு, அடுப்பும் கருப்பு, துணி துவைக்கிற மெஷினும் கருப்பு. ஏசி மட்டும் இன்னும் வெள்ளையாகவே இருக்கிறது. ஏன் என்று கம்பெனிக்காரர்கள் வரும்போதெல்லாம் கேட்டுப் பார்க்கிறேன், ஒருத்தருக்கும் தெரியவில்லை.

கம்பெனிக்காரர்கள் நிறங்களுக்கு வைக்கும் பெயர் ஒன்று, எங்கள் ஜனங்கள் வைக்கும் பெயர் வேறு. அட்டையில் 'வைன்' என்று போட்டிருப்பது இங்கே பீட்ரூட் கலர். அவர்கள் 'கிராஃபைட்' என்பது இங்கே ஈயச்சட்டி கலர். அனல்மின் நிலையச் சாம்பல் பறக்கிற எண்ணூரிலிருந்து வந்த ஒரு அம்மா வெள்ளி நிற ஃபிரிட்ஜை விரலால் ஒரு இழுப்பு இழுத்து, விரலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதான் எங்களுக்கு லாயக்கு. சாம்பல் வுழுந்தாலும் சாம்பலாட்டமே இருக்கும், தொடைக்கவே வேணாம்" என்றார். எந்தக் கம்பெனி விளம்பரத்திலும் இல்லாத காரணம். அன்றிலிருந்து எண்ணூர்க்காரர்களை நேராக வெள்ளி நிறத்திடம்தான் அழைத்துப் போகிறேன்.

இன்னொன்றும் கவனித்தேன். எம்.கே.பி. நகர் குடியிருப்புகளிலிருந்து வருகிறவர்கள் பூவைக் கடைசிவரை விடவில்லை. சமையலறையில் ஒரு ஆள் நின்றால் இன்னொரு ஆள் நிற்க முடியாத வீடுகள் அவை. ஃபிரிட்ஜ் கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில்தான் நிற்கும். வருகிறவர் கண்ணில் முதலில் படுவது அது. கூடத்தில் நிற்கிற பொருளுக்கு அலங்காரம் வேண்டாமா? பெரிய சமையலறை உள்ளவர்கள்தான் கருப்பைக் கேட்கிறார்கள். உள்ளே நுழைகிறவர்களின் செல்போன் உறையைப் பார்த்தே என்ன நிறம் எடுப்பார்கள் என்று சொல்லிவிடுவேன். பத்துக்கு எட்டு சரியாக இருக்கும். கூட வேலை செய்யும் பெண்கள் என்னிடம் பந்தயம் கட்டுவதை விட்டுவிட்டார்கள்.

இவ்வளவு கெட்டிக்காரி, என் வீட்டில் நடந்ததைப் பார்க்கவில்லை.

காசிமேட்டுக்கும் திருவொற்றியூருக்கும் நடுவில் கடலோரக் குப்பம் ஒன்றில் எங்கள் வீடு. அம்மா, நான், தம்பி. அப்பா இறந்து பல வருஷமாகிறது. என் கல்யாணம் நாலே வருஷத்தில் கசந்துபோய், நான் அம்மாவோடு வந்துவிட்டேன். தம்பி காசிமேட்டில் மீன்பிடி லாஞ்சில் போகிறவன், கடலுக்குப் போனால் திரும்பி வரப் பத்து நாளாகும். அம்மா முன்பு மீன் விற்றாள். இடுப்பு வலி வந்த பிறகு கூடையை இறக்கிவிட்டு அடுப்பைப் பிடித்துக்கொண்டாள். அவள் வைக்கிற சுறாப் புட்டுக்காகவே லாஞ்சு ஆட்கள் தம்பியை வீடுவரை கொண்டுவந்து விடுவார்கள்.

எங்கள் பக்கம் உப்புக் காற்றுக்கு எந்த ஃபிரிட்ஜும் தாங்காது. இரண்டு மழைக்காலம் போனால் காலில் துரு ஏறும், மூன்றாவதில் கதவின் ஓரம் பொரிந்து உதிரும். அதற்கு எங்கள் தெருவில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். மீன்பிடித் தடைக்காலத்தில் லாஞ்சுகளைக் கரையில் ஏற்றிப் பெயிண்ட் அடிப்பார்கள். மிஞ்சுகிற பெயிண்ட் வீட்டுக்கு வரும். பீரோ, கட்டில் கால், சிலிண்டர் நிற்கிற ஸ்டாண்டு, ஃபிரிட்ஜ் எல்லாவற்றுக்கும் ஒரு பூச்சு. கடல் தண்ணீரையே தாங்குகிற பெயிண்ட் காற்றைத் தாங்காதா? அதனால் எந்த வீட்டு ஆள் எந்த லாஞ்சில் போகிறான் என்பதை ஃபிரிட்ஜைப் பார்த்தே சொல்லிவிடலாம். எங்கள் வீட்டில் வெள்ளையாக வந்த ஃபிரிட்ஜ் தம்பியின் லாஞ்சைப் போலக் கரும்பச்சையாக நின்றது.

போன இரண்டு தடைக்காலமாக அம்மா புதிதாக ஒன்று சேர்த்துக்கொண்டாள். லாஞ்சில் எண் எழுதுகிற ஆரஞ்சுப் பெயிண்டையும் கொண்டுவரச் சொன்னாள். ஃபிரிட்ஜ் கைப்பிடிக்கு ஆரஞ்சு. அடுப்புத் திருகுகளுக்கு ஆரஞ்சு. மிக்சியின் திருகுக்கு, உப்பு டப்பா மூடிக்கு, ஸ்விட்ச் போர்டைச் சுற்றி ஒரு கோடு. தம்பி சலித்துக்கொண்டே அடித்தான். "யக்கா, அம்மாவுக்கு வயசாவ வயசாவ ஷோக்கு ஜாஸ்தியாவுது" என்றான். நானும் சிரித்தேன்.

ஆனால் உள்ளுக்குள் எனக்கு அந்தச் சமையலறை அவமானமாக இருந்தது. ஊருக்கெல்லாம் புது ஃபிரிட்ஜ் விற்கிறவள் வீட்டில் இப்படி ஒன்று. பொங்கலுக்கு வந்த கடைத் தோழி ஒருத்தி, "இது ஃபிரிட்ஜா, லாஞ்சா? எப்பக்கா கடலுக்குப் போவுது?" என்று கேட்டாள். அவளோடு சேர்ந்து நானும் சிரித்தேன். அவள் போன பிறகு ரொம்ப நேரம் முகம் எரிந்தது.

அந்த எரிச்சலில்தான் பழசைக் கொடுத்துப் புதுசு எடுக்கும் திட்டம் கடையில் வந்ததும் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் மாற்றினேன். கருப்புக் கண்ணாடிக் கதவு போட்ட ஃபிரிட்ஜ். கருப்புக் கண்ணாடிமேல் மூன்று பர்னர் அடுப்பு, திருகும் கருப்பு. கருப்பு மிக்சி. சுவருக்கு நானே நின்று சாம்பல் அடிக்க வைத்தேன். செல்போனில் பார்க்கிற பெரிய வீட்டுச் சமையலறை மாதிரியே வந்தது. அம்மா கதவைத் தடவிப் பார்த்தாள். "நல்லா கீது. சினிமாக்காரங்க வூடு மாரி கீது" என்றாள். பச்சை ஃபிரிட்ஜை டெம்போவில் ஏற்றியபோது வாசலில் நின்று பார்த்தாள். டெம்போ தெரு முனை திரும்பிப் போன பிறகும் அதே இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பழகிய பொருளாயிற்றே, வருத்தமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு வாரத்துக்குள் தகராறு ஆரம்பித்தது. ஃபிரிட்ஜ் கதவு சரியாக மூடாமல் கிடந்து கீச்சுக் கீச்சென்று கத்தியது. அம்மா ஒரு பர்னரில் பாத்திரத்தை வைத்துவிட்டு வேறு பர்னரைத் திறந்துவிட்டாள். மிக்சியை எடுத்த எடுப்பில் முழு வேகத்துக்குத் திருகி, நான் ஆசை ஆசையாய் அடிக்க வைத்த சாம்பல் சுவரெல்லாம் தேங்காய்ச் சட்னி. ஒரு நாள் குழம்புச் சட்டியை அடுப்பின்மேல் வைப்பதாக நினைத்து ஓரத்தில் வைத்துவிட்டாள். சட்டி விழுந்து கணுக்காலில் கொப்புளம். அடுத்த நாளிலிருந்து, "இன்னிக்கு கடைல வாங்கிக்கலாம்டி" என்று சொல்லத் தொடங்கினாள். நான்கு நாள் தொடர்ந்து இட்லிப் பொட்டலம். தம்பி கடலில் இருந்தான், அதனால் கேட்க ஆளில்லை.

ஐந்தாம் நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. "வேணும்னே பண்றே. உன் பச்ச ஃபிரிட்ஜ தூக்கிக் குடுத்துட்டேன்னு என்மேல காண்டு. அதுக்குத்தான் இவ்ளோ நாடகம்" என்று கத்தினேன்.

அம்மா இட்லிப் பொட்டலத்தின் நூலைப் பிரித்தாள். அப்புறம், "ஆமா, காண்டுதான். இன்னா இப்போ?" என்றாள்.

"அப்ப வா, கடைக்கு வா. நீயே பாத்து உனக்குப் புடிச்ச கலர எடு. மேனேஜர் கால்ல வுழுந்தாவது மாத்திடறேன்."

அவள் வரமாட்டேன் என்றாள், நான் விடவில்லை. மறுநாள் காலை ஆட்டோவில் உட்கார வைத்து அழைத்துப் போனேன். கடை திறந்த நேரம், கூட்டமில்லை. ஃபிரிட்ஜ்கள் இரண்டு வரிசையாக நிற்க, நடுவில் நடைவழி. மற்ற வாடிக்கையாளரிடம் எப்படி நடந்துகொள்வேனோ அப்படியே நடந்துகொண்டேன். அம்மாவை முன்னால் நடக்கவிட்டு நான் நாலடி பின்னால் நின்றேன். அவள் எங்கே நிற்பாள், எதைத் தொடுவாள்? கோபத்துக்கு நடுவிலும் எனக்கு அந்த ஆர்வம் போகவில்லை. பச்சை கிடையாது, அதனால் பழைய சரக்கில் மிஞ்சிக் கிடந்த நீலத்துக்குப் போவாள் என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன்.

சாம்பல் நிறத்தில் ஐந்து நின்றன. அவற்றை வெறும் சுவரைத் தாண்டுவது போலத் தாண்டிப் போனாள். மூலையில் விற்காமல் கிடந்த பழைய சிவப்பு ஒன்றின் முன்னால் நின்று, பூவை விரலால் தேடிப் பிடித்து, "சாமந்தியா இது?" என்று கேட்டாள். செம்பருத்தி. நான் பதில் சொல்வதற்குள் நகர்ந்துவிட்டாள். வரிசையின் கடைசியில் இரண்டு கதவு வைத்த பெரிய கருப்புக் கண்ணாடி ஃபிரிட்ஜ் நடைவழியைப் பார்த்தபடி நின்றது. அதன் முன்னால் போய் நின்றாள்.

இடது பக்கம் ஒதுங்கினாள். பிறகு வலது பக்கம் ஒதுங்கினாள். மறுபடி இடது.

"வழி வுடும்மா. நான் ஒதுங்கற பக்கமே நீயும் வந்தா எப்பிடி?" என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். பக்கத்தில் மிக்சி துடைத்துக்கொண்டிருந்த பெண்ணும் சிரித்தாள். அம்மாவுக்கு எப்போதும் குசும்பு அதிகம். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. எதிரில் இருப்பவள் நகர்வதற்காகக் காத்திருந்தாள். அப்புறம் என் பக்கம் தலையைத் திருப்பி, தணிந்த குரலில், "இன்னாடி இந்தப் பொம்பள, சொல்றது காதுல வுழல போல" என்றாள்.

அந்தக் கதவின் முன்னால் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். பொட்டைச் சரிசெய்வார்கள், முடியைக் கோதுவார்கள், ஆண்கள் தொப்பையை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். தன்னிடமே வழி கேட்ட ஆளை நான் பார்த்ததில்லை. போய் அவள் கையைப் பிடித்தேன்.

"அம்மா, அது ஃபிரிட்ஜு. அதுல தெரியறது நீதான்."

"தெரியும்" என்றாள் சட்டென்று. என் கையை விடவில்லை. அப்புறம், "தெர்லடி" என்றாள்.

வாஷிங் மெஷின் பிரிவில் ஒரு ஸ்டூலில் அவளை உட்கார வைத்தேன். அங்கேதான் எல்லாம் வெளியே வந்தது. இரண்டு வருஷமாகவே ஓரத்தில் இருப்பதெல்லாம் புகை மூடின மாதிரி இருக்கிறதாம். நடுவில் கொஞ்சம் தெரிகிறது. அதிலும் பளிச்சென்று இருந்தால்தான் தெரியும். "மங்கலா கீறதெல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலந்துடுது. சாம்பலும் கருப்பும் எனுக்கு இல்லாத மாரிதான்" என்றாள். ஆரஞ்சுப் பெயிண்ட் எதற்கென்று அப்போதுதான் புரிந்தது. அவள் தன் சமையலறைக்குத் தானே வழி போட்டு வைத்திருந்தாள். நான் அதை டெம்போவில் ஏற்றி அனுப்பிவிட்டு, அவளால் பார்க்கவே முடியாத நிறங்களாகப் பொறுக்கி எடுத்து வந்து அந்த இடத்தில் நிறுத்தியிருக்கிறேன்.

"ஏம்மா சொல்லல? நான் காண்டுன்னு கத்தினப்பகூட ஆமான்னியே?"

"கண்ணு தெர்லன்னு சொன்னா அடுப்பாண்ட வுடுவியா? காண்டுன்னா ரெண்டு நாள் திட்டிட்டு வுட்டுடுவே. கண்ணுன்னா மூலையில ஒக்கார வெச்சு டிவி போட்டு வுட்டுடுவீங்க. எனுக்கு அந்த டிவியும் தெர்லயே" என்று சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

நான் கடை என்றும் பார்க்காமல் அழுதேன். அவ்வளவு வெட்கத்தை என் வாழ்க்கையில் அனுபவித்ததில்லை. வருகிறவன் போகிறவனின் செல்போன் உறையைக்கூட உற்றுப் பார்க்கிறவள், ஒரே வீட்டில் இருந்துகொண்டு பெற்றவளின் கண்ணைப் பார்க்கவில்லை.

மறுநாளே கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு கெட்டுப்போயிருக்கிறது, போன பார்வை திரும்பாது, தினமும் தவறாமல் சொட்டு மருந்து விட்டால் மிச்சமிருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார் டாக்டர். நான் ஆயிரம் கேள்வி கேட்டேன். அம்மா ஒன்றே ஒன்று கேட்டாள். "அடுப்பாண்ட நிக்கலாமா டாக்டரு?" டாக்டர் அவளை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "எது எங்க இருக்குன்னு அவங்களுக்குத் தெரியற மாதிரி வெச்சிக் குடுத்தா தாராளமா நிக்கலாம்" என்றார்.

தம்பி கரைக்கு வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். உடனே வெளியே போனவன் கலர் கலராக டேப் வாங்கிவந்தான். ஒவ்வொரு திருகுக்கும் ஒரு நிறம் ஒட்டினான். கண்ணாடிக் கதவின் நான்கு ஓரத்திலும் பட்டையாக ஒட்டினான். கட்டுப் போட்ட நோயாளி மாதிரி நிற்கிறது என் பெரிய வீட்டு ஃபிரிட்ஜ். மூன்றாம் நாள் அம்மா சுறாப் புட்டு வைத்தாள். காரம் கொஞ்சம் தூக்கல். யாரும் மூச்சுவிடவில்லை.

சாயங்காலம் அவளுக்கு மருந்து விடுவது என் வேலை. சொட்டு விட்டதும் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருக்க வேண்டும். அப்போதெல்லாம் கேள்வியாகக் கேட்டுக் குடைவேன். பச்சை எப்படித் தெரிகிறது, கிட்டத்தில் எது, தூரத்தில் எது, விளக்குப் போட்டால் எது மாறுகிறது? எனக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும். அவளும் சளைக்காமல் சொல்வாள். அப்படி ஒரு நாள் நிறங்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தவள், "எல்லாம் ஒரு மாரி சமாளிச்சிடறேன்டி. உன்னத்தான் தெர்ல" என்றாள்.

"இன்னாம்மா சொல்றே?"

"நீ வர்றது தெர்ல. முன்ன மஞ்சா கோட்டு போட்டுகினு வருவியே, தெரு முன திரும்பும்போதே தெரியும். நான் உள்ள போயி டீ வெப்பேன். நீ செருப்பக் கழட்டறதுக்கும் டீ பொங்கறதுக்கும் சரியா இருக்கும். இப்போ நீ வாசல்ல வந்து கொரல் குடுத்தாதான் வந்துட்டேன்னு தெரிது."

போன வருஷம் கடையைப் புதுப்பித்தபோது எங்கள் சீருடையையும் மாற்றினார்கள். வாழைப்பழ மஞ்சள் கோட்டு போய்ச் சாம்பல் கோட்டு வந்தது. பார்க்க நாகரிகமாக இருக்கிறது என்று முதலில் கைதட்டினவள் நான்தான். அதன் பிறகு டீ தாமதமாகிக்கொண்டே போனது. "ஒரு டீக்கு இவ்ளோ நேரமா? நாள் முழுக்க நின்னுட்டு வரேன், உனக்கு அக்கறையே போயிடுச்சு" என்று நான் சொன்னது ஒரு நாள் இரண்டு நாள் இல்லை. அவள் ஒரு தடவைகூடத் திருப்பிச் சொன்னதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை தெருவே வேடிக்கை பார்த்தது. என்னிடம் இருந்த துப்பட்டாக்களையெல்லாம் எடுத்துக்கொண்டு தெரு முனைக்குப் போனேன். அம்மா வாசலில் நின்றாள். தம்பி நடுவில் நின்று, "இப்போ?" "இப்போ?" என்று கத்தினான். சிவப்புத்தான் ஜெயிக்கும் என்று நினைத்தேன், வெயில் தாழ்ந்ததும் சிவப்பு அவளுக்குக் கருத்துப்போனது. ரோஸ் நிறத்துக்கு, "எவளோ வர்றா" என்றாள். கிளிப்பச்சை வேப்ப மரத்தோடு போய்விட்டது. எலுமிச்சை மஞ்சளைப் போட்டுக்கொண்டு திரும்பியபோது தம்பி கேட்பதற்கு முன்னாலேயே கையை நீட்டினாள்.

இப்போதெல்லாம் கடையை விட்டு இறங்கியதும் சாம்பல் கோட்டைக் கழற்றிப் பையில் திணித்துக்கொண்டு அந்த மஞ்சளைப் போர்த்திக்கொள்கிறேன். ஷேர் ஆட்டோவில் எல்லோரும் ஒரு தடவை திரும்பிப் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும். தெரு முனை திரும்பும்போது அம்மா வாசலில் நின்றுகொண்டிருப்பாள். என்னைப் பார்த்துக் கை ஆட்ட மாட்டாள், சிரிக்கவும் மாட்டாள். சட்டென்று திரும்பி உள்ளே போய்விடுவாள்.